ஏழாம் வாய்பாட்டின் கால்கள்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு தவறிலிருந்து வந்தது. தவறு என்னுடையது.

இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் இரட்டை மகள்களுக்காக ஏழாம் வாய்பாட்டைப் பெரிதாக எழுதி வாசற்கதவில் ஒட்டினேன். ஸோர்னிட்சா இரண்டே நாளில் ஒப்பித்தாள். பிலியானாவுக்கு ஒரு வரிகூட வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஆசிரியை கேட்பார். சொல்லாவிட்டால் பிலியானா மட்டும் வேறு பிரிவுக்குப் போக வேண்டும். இருவரும் ஒரு நாள்கூடப் பிரிந்து உட்கார்ந்ததில்லை.

2.

இந்தக் கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: பிலியானா மந்தமான குழந்தை. அவள்

[இங்கே நின்றுவிட்டது. ஸோர்னிட்சா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள்.]

"அவ ஒண்ணும் மந்தம் இல்லப்பா. அந்தத் தாளை அவ பாக்கறதே இல்ல."

"ஏன்?"

"பக்கத்துல அம்மா இருக்காங்கல்ல.* அம்மாவைத்தான் பாப்பா. நீங்கதான் மக்கு."

* என் மனைவி மிலேனா. படம் போட்ட ஓராண்டு நினைவுத்தாள். இறந்தவர் படத்தை இப்படி வாசற்கதவில் ஒட்டுவது எங்கள் ஊர் வழக்கம்; எங்கள் கட்டடத்தில் எல்லார் கதவிலும் யாராவது இருக்கிறார்கள்.

3.

வாய்பாட்டை மட்டும் எடுத்துச் சமையலறைக்குக் கொண்டுவந்தேன். ஸோர்னிட்சா உரக்கப் படித்தாள். பிலியானா கேட்கவில்லை. அடுப்பில் பானிட்சா, பாலாடைக்கட்டி வைத்த அப்பம், வேகும்வரை சும்மா நிற்க முடியாமல், அம்மா சொல்லிக்கொடுத்த ரச்செனிட்சா நடனத்தை ஆடிக்கொண்டிருந்தாள். இரண்டு தட்டு, இரண்டு தட்டு, மூன்று தட்டு. ஒரு சுற்று.

கூட்டிப் பார்த்தேன். ஏழு.

[சிறு வயதிலிருந்து நானும் ஆடியிருக்கிறேன். ஒருநாளும் எண்ணியதில்லை.]

"பிலியானா, மூணு சுத்து ஆடு. மொத்தம் எத்தனை தட்டு?"

ஆடினாள். "இருபத்தொண்ணு. ஏம்ப்பா?"

"ஆறு சுத்து?"

தரை அதிர்ந்தது. "நாப்பத்திரெண்டு!"

கீழ்வீட்டு கிரோ அண்ணன் துடைப்பக்கட்டையால் கீழிருந்து இடித்தார். "டேய், மேல குதிரை வளக்கறியா?"

"வாய்பாடு அண்ணே! ஏழாம் வாய்பாடு!"

இடிப்பது நின்றது. பிறகு, "அப்ப எட்டு சுத்து ஆடச் சொல்லு. நானும் எண்ணறேன்."

துடைப்பக்கட்டை தாளம் போட்டது. "அம்பத்தாறு!" என்று மூவரும் கத்தினோம். கீழேயும் ஒரு குரல். என் கால் ஆடிக்கொண்டிருந்தது.

(கடைசி வரியை மூன்று முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். மிலேனா போனபின் என் கால் ஆடியதில்லை. சரி, இருக்கட்டும்.)

4.

முடிவு அ: ஆசிரியை கண்கலங்கி அவளை அணைத்துக்கொள்கிறார். (அவரை எனக்குத் தெரியும். மாட்டார்.)

முடிவு ஆ: "ஆடாம நில்லு" என்கிறார். பிலியானா நின்று (இதை எழுத வரவில்லை.)

நடந்தது இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வகுப்பறைக்கு வெளியே நின்றேன்.

"ஏழு நாலு எவ்வளவு?"

"காலால எண்ணலாமா டீச்சர்?"

"சத்தம் போடாம எண்ணு."

"சத்தம் இல்லாம வராது டீச்சர்!" இது ஸோர்னிட்சா. வகுப்பு சிரித்தது. ஆசிரியையும் சிரித்தாரா? கதவு மூடியிருந்தது.

பிறகு மரத்தரையில் அவள் காலணி. ஒரு சுற்று. இரண்டு. மூன்று.

நான்காவது உங்களுடையது. படிக்கிற இடத்திலேயே தட்டுங்கள், கீழ்வீட்டுக்காரர் கோபித்தாலும் பரவாயில்லை. இரண்டு, இரண்டு,