பேச்சுக்குக் கூலி

விஜயகலா எங்கள் கடையை விட்டு நின்ற அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இரத்தினபுரி ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே எங்கள் கடை. வார்டில் படுப்பவர்களுக்கு வேண்டிய வாளி, சுடுதண்ணீர் போத்தல், சவர்க்காரம், பெட்ஷீட், பிஸ்கட் எல்லாம் எங்களிடம் கிடைக்கும். போர்டில் என் புருஷன் பளீலின் பெயர் இருந்தாலும் கடையை நடத்துவது மைமூனாதான், அதாவது நான்தான் என்று டவுனில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருஷமாக எனக்கு வலது கையாக நின்றவள், கல்கந்தைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, ஒரு திங்கட்கிழமை வந்து, இனித் தனியாகத் தொழில் செய்யப் போகிறேன் அக்கா என்றாள். என்ன தொழில் என்று கேட்டேன். பேசுவது என்றாள்.

பளீல் சிரித்த சிரிப்பில் தேநீர் புரையேறிவிட்டது. பேசுவதற்குச் சம்பளம் என்றால் எங்கள் வீட்டில் ஒருத்தி இந்நேரம் மாடிவீடு கட்டியிருப்பாளே என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஆனால் அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. தோட்டப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிட்டதால் அவளுடைய அப்பா அவளைச் சிங்களப் பள்ளியில் சேர்த்திருந்தார். அவள் பேசும் சிங்களத்தைக் கேட்டுவிட்டு, நீ எந்த ஊர் மகளே என்று சிங்கள அம்மாமார் கேட்பார்கள். தோட்டத்து ஆட்களும் சிங்களம் பேசுவார்கள்தான். ஆனால் சந்தையில் கருவாட்டுக்கு விலை பேசும் சிங்களம் வேறு, டாக்டர் சொல்லும் சிங்களம் வேறு. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, என்ன சொன்னார் என்று தெரியாமல் வாசலில் நின்று முழிப்பவர்களை நாங்கள் தினமும் பார்த்தோம். கடை வேலைக்கு நடுவே விஜயகலா ஓடிப்போய் அவர்களுக்குப் பேசிக் கொடுத்துவிட்டு வருவாள். அதையே தொழிலாக்கினால் என்ன என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அது 2003ஆம் வருஷம்.

அவளுக்கு அவசரமும் இருந்தது. அவளைக் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்ப அம்மா ஏஜென்டிடம் பேசி போட்டோவும் கொடுத்தாகிவிட்டது. தீபாவளிக்குள் உன் வாயால் ஒரு சல்லி சம்பாதித்துக் காட்டு, அப்புறம் பார்க்கலாம் என்பது அம்மாவின் பேச்சு. விஜயகலா பால்மா பெட்டி ஒன்றைக் கிழித்து, ‘தமிழ் – சிங்களம் பேசித் தரப்படும்’ என்று எழுதி, எங்கள் கடைத் தூணிலேயே கட்டிவிட்டு அதன் கீழே நின்றாள். என் கடையை விட்டுப் போனவள் என் தூணில் சாய்ந்துகொண்டு நின்றதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வேலைக்குக் குறைவில்லை. கூலிதான் வரவில்லை. ஒரு கிழவர் வாழைப்பழம் கொடுத்தார். ஒருத்தி வெற்றிலை கொடுத்தாள். நல்லா இருப்பம்மா என்று தலையில் கை வைத்துவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். மூட்டை தூக்கினால் கூலி கொடுப்பார்கள், வாயைத் திறந்ததற்கு யார் கொடுப்பார்கள்? விலையை முதலில் சொல்லிவிட்டு வார்டுக்குள் போ, ஐம்பது ரூபாய் என்று அடித்துச் சொல் என்று நான் சொல்லிக் கொடுத்தேன். அழுதுகொண்டு நிற்கிறவர்களிடம் எப்படி அக்கா கேட்பது என்றாள். அப்படியானால் குவைத்துக்குப் போ என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். இன்னொன்றையும் சொன்னேன், கடைக்காரி அல்லவா, சொல்லாமல் இருக்க முடியுமா. முதல் வியாபாரத்துக்கு வரும் ஆளை முகம் கோணாமல் அனுப்ப வேண்டும், அதில்தான் மற்றதெல்லாம் இருக்கிறது என்றேன்.

இருளாயி வந்தது அந்த வாரம்தான். ஹட்டன் பக்கத்தில் பிறந்து கல்கந்தைக்கு வாக்கப்பட்டு வந்தவள். பிறந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தமிழ்தான் என்பதால் அவளுக்குச் சிங்களம் ஒட்டவே இல்லை. வீட்டில் சிங்களம் பேசுகிறவர் புருஷன் சுதாகரன். அவர் மாணிக்கக் குழி வேலைக்குப் போய், அன்று ராத்திரிதான் தோட்டத்துக்குத் திரும்புவதாக இருந்தார். ஒரே மகள் ஷாமிளாவுக்கு எட்டு வயது. எலிக்காய்ச்சல் முற்றி, கண்ணெல்லாம் மஞ்சளாகிக் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

என் கடையில் வாளி வாங்க வந்தவள் பெட்டி அட்டையைப் படித்தாள். விஜயகலாவைப் பார்த்து, எவ்வளவும்மா என்று கேட்டாள். அதுவரை யாருமே அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. விஜயகலா என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, ஐம்பது ரூபாய் என்று மெதுவாகச் சொன்னாள்.

“தர்றேன். புள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போற அன்னிக்குக் கையில குடுத்துட்டுத்தான் போவேன்” என்றாள் இருளாயி.

விஜயகலாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வாளியைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வார்டில் நடந்ததை அவள் பிறகு எனக்குச் சொன்னாள். டாக்டர் நல்ல மனிதர். அவசரப்படாமல், பேசித் தர ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னாராம். பிள்ளையின் சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டது. ஈரலும் போய்விட்டது. கொழும்புக்கு அனுப்பலாம் என்றால் வழி தாங்காது. எங்களால் ஆனதைச் செய்கிறோம், ஆனால் விடியும் வரை இருக்குமென்று சொல்ல முடியாது. தாய் பக்கத்தைவிட்டு அசைய வேண்டாம். அப்பாவுக்கு ஆள் அனுப்பி வரச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டு விஜயகலா திரும்பினாள். இருளாயி அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளை அம்மாவின் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு படுத்திருந்தது. எங்கள் பக்கத்தில் சாவை யாரும் நேரே வாயால் சொல்வதில்லை. செத்துப்போன ஆளுக்கே ரொம்ப முடியவில்லை, கிளம்பி வாங்க என்றுதான் ஆள் அனுப்புவார்கள். அப்படியிருக்க, உயிரோடு இருக்கும் பிள்ளையின் தலைமாட்டில் நின்று பெற்றவளிடம் எப்படிச் சொல்வது? அதுவும் முதல் முதலாகக் கூலி தருகிறேன் என்றவளிடம்.

“கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்காம். மருந்து குடுக்கிறாங்களாம். சாமிய நல்லாக் கும்பிட்டுக்கச் சொல்றாரு. அப்பாவையும் வரச் சொல்லணுமாம்” என்றாள்.

சாமியை டாக்டர் சொல்லவே இல்லை. அது இவளாகச் சேர்த்தது. ஆறுதலுக்கு நாலு பேர் சொல்கிற வார்த்தைதான். ஆனால் இருளாயிக்கு அது டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து மாதிரி ஆகிவிட்டது. படித்த மனுஷன், சிங்கள டாக்டர், அவரே சாமியைக் கும்பிடச் சொல்கிறார் என்றால் சும்மாவா?

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காசு முடிவது என்று ஒன்று உண்டு. வெள்ளைத் துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்து அதில் காசை முடிந்து, பிள்ளை பிழைத்தால் தீ மிதிக்கிறேன், கரகம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு அம்மன் காலடியில் கட்டுவார்கள். பிள்ளைக்கு நோவு என்றால் பெற்றவள்தான் தன் கையால் கட்ட வேண்டும். கடைசி பஸ் ஐந்து மணிக்கு. தோட்டத்து ஆபீஸ் அதற்கு முன்பே பூட்டிவிடும், போன் எடுக்க ஆள் இருக்காது. புருஷனையும் கூட்டி வர வேண்டும், காசும் முடிய வேண்டும். பக்கத்துக் கட்டில்காரியிடம் சைகையால் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு, தலைப்பை அதன் கையிலிருந்து மெல்ல உருவிக்கொண்டு இருளாயி கிளம்பிவிட்டாள்.

இனி நடந்தது என் கண்முன்னால். பஸ் எங்கள் கடைக்கு முன்னால்தான் நிற்கும். இருளாயி ஓடி வந்தாள். விஜயகலா தூணடியில் இருந்து எழுந்து, எங்க போறீங்க என்று பதறினாள். காசு முடிந்துவிட்டு அவரையும் கூட்டிக்கொண்டு காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன், நீ கொஞ்சம் பார்த்துக்கொள்ளம்மா என்று சொல்லிக்கொண்டே இருளாயி பஸ்ஸில் கால் வைத்தாள். விஜயகலா வாயைத் திறந்தாள். என்னவோ சொல்லப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். பஸ்காரன் ஹோர்ன் அடித்தான்.

“சரிங்க” என்றாள்.

பஸ் போனதும் தூணடியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், இரண்டு வார்த்தை சொல்லி அவளை இறக்கியிருக்கக் கூடாதா பாவி என்று திட்டினேன். அவள் எழுந்து வார்டுக்கு ஓடினாள். பார்வை நேரம் முடிந்துவிட்டது, தாயென்றால் இருக்கலாம், நீ யார் என்று கேட்டு வாசல்காரன் திருப்பி அனுப்பிவிட்டான். பளீல் ஒரு வேனைப் பிடித்து அனுப்பப் பார்த்தார். பஸ் போன பிறகு அந்த மலைப் பாதையில் மழைக்கு மரம் விழுந்துவிட்டதாகச் சொல்லி யாரும் வரவில்லை.

காலையில் இருளாயி வந்து இறங்கும்போது நெற்றி நிறைய விபூதி. விரல்களில் மஞ்சள் காயவில்லை. புருஷனைக் கூட்டிக்கொண்டு, எங்களைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு, நம்பிக்கையோடு உள்ளே நடந்தாள். நாங்கள் மூன்று பேரும் கடைக்குள் நின்றோம். விடியற்காலையில் வேலை முடிந்து போன நர்ஸ், நடந்ததை விஜயகலாவிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டுப் போயிருந்தார். அம்மா எங்கே போனார், நீ சொல்லவில்லையா, பிள்ளை ராமுழுக்க அம்மா அம்மா என்றே கூப்பிட்டுக்கொண்டு கிடந்ததே என்று கேட்டாராம். அம்மா என்ற வார்த்தை சிங்களத்திலும் அதேதான். யாரும் பேசித் தர வேண்டியிருக்கவில்லை.

சுதாகரனுக்குச் சிங்களம் தெரியும். எல்லாவற்றையும் அவரே கேட்டுக்கொண்டார். பிள்ளையை வேனில் ஏற்றும்போது விஜயகலா என் கடைக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

அட்டையை அவளே கழற்றிவிட்டாள். நான் அவளை மறுபடி கடையில் சேர்த்துக்கொண்டேன். அவள் அம்மா குவைத் பேச்சை எடுத்தபோது சரி என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள்.

கருமாதி முடிந்த பிறகு ஒரு நாள் இருளாயி வந்தாள். தனியாக. வியாபாரம் கூட்டமாக இருந்த நேரம். எல்லோரும் போகும் வரை ஓரமாக நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இடுப்பிலிருந்து மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுத்து, பிரிக்காமலே விஜயகலாவின் முன்னால் நீட்டினாள். நனைந்து காய்ந்து துணி விறைத்திருந்தது.

“உனக்குச் சொன்ன காசு. அம்மனுக்கு முடிஞ்சது. சில்லறை இல்லாம அன்னிக்கு அம்பது ரூவாத் தாளையே முடிஞ்சேன். காலடியில கட்டுனத அப்படியே அவிழ்த்துட்டு வந்துட்டேன். அந்த அம்மனுக்கு இனி எதுக்கு?”

விஜயகலா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். வேண்டாங்க, வேண்டாங்க என்பதைத் தவிர அவள் வாயில் எதுவும் வரவில்லை. சிங்களமும் தமிழும் தண்ணீராய் ஓடும் வாய் அது.

“டாக்டரு அன்னிக்கே எல்லாம் சொன்னாராமில்ல. எங்க வீட்டுக்காரரு கேட்டுட்டு வந்து சொல்றாரு. எனக்கு நம்ப முடியல. நீதானே சொன்ன, நீயே சொல்லு. வாங்கிக்க. சும்மா கேட்டா நீ பாவம் பார்த்துப் பாதிதான் சொல்லுவ. கூலி வாங்கிக்கிட்டா முழுசாச் சொல்லணும்.”

அந்தக் குரலில் கோபம் துளிகூட இல்லை. இருந்திருந்தால் நான் நடுவில் புகுந்து ஏதாவது பேசிச் சமாளித்திருப்பேன். அவள் கேட்க வந்திருந்தாள், அவ்வளவுதான். விஜயகலா கையை நீட்டி முடிச்சை வாங்கிக்கொண்டாள்.

பிறகு சொன்னாள். டாக்டர் நிறுத்திய இடங்களில் நிறுத்தி, அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னாள். சிறுநீரகத்தை, ஈரலை, கொழும்பு வழியை, விடியும் வரை இருக்குமென்று சொல்ல முடியாது என்றதை. தாய் பக்கத்தைவிட்டு அசைய வேண்டாம் என்ற இடத்தில் குரல் உடைந்தது. இருளாயி காத்திருந்தாள். விஜயகலா அதையும் சொல்லி முடித்தாள். சாமியை டாக்டர் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்றும் சொன்னாள்.

கடைக்கு ஒரு ஆள் சவர்க்காரம் வாங்க வந்தார். பளீல் அவரை வெளியிலேயே நிறுத்தி எடுத்துக் கொடுத்து அனுப்பினார்.

“ராத்திரி எம்புள்ள என்னையத் தேடுனாளா?” என்று இருளாயி கேட்டாள்.

இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று சொல்லடி என்று என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. அப்படிச் சொன்னால் யாருக்கு நஷ்டம்? விஜயகலா கையிலிருந்த முடிச்சைப் பார்த்தாள். கூலி வாங்கியாகிவிட்டது.

“தேடுனாளாம். விடியிற வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாளாம்.”

இருளாயி தலையை ஆட்டினாள். பல தடவை ஆட்டினாள்.

“தேடுவா. எம்புள்ள தேடாம இருப்பாளா” என்றாள்.

வெளியே தோட்டத்து பஸ் வந்து நின்றது. அவள் படியிறங்கிப் போய், பாதி வழியில் திரும்பி வந்தாள். விஜயகலாவின் கையிலிருந்த முடிச்சை வாங்கி, பல்லால் இழுத்து அவிழ்த்து, மஞ்சள் பிடித்த தாளை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

“காசு உனக்கு. துணிய மட்டும் நான் எடுத்துக்கிறேன். அவ ஸ்கூல் கவுன்ல கிழிச்சது.”