எந்தப் புத்தகம்னு தெரியாது

சின்னவளுக்குக் குழந்தை பிறந்த கையோடு, அவர்கள் குடியிருந்த கட்டிடத்தை இடிக்கப்போவதாகச் சொல்லி எல்லாரையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். எங்கே போவது என்று அவள் கண்ணைக் கசக்கியதும் பெரியவள், "எங்கே போவே? இங்கதான் வருவே. மூட்டையைக் கட்டு" என்றாள். இரண்டே அறை உள்ள வீடு. தனிக்கட்டையாக இருந்தவளுக்கு அது தாராளம். தங்கை, மாப்பிள்ளை, கைக்குழந்தை என்று வந்து சேர்ந்ததும், ஒருத்தர் நடக்க வேண்டுமென்றால் இன்னொருத்தர் காலை மடக்க வேண்டியிருந்தது.

தொட்டில் போடத்தான் இடமில்லை. பெரியவளின் கட்டில் போக மிஞ்சிய ஒரே இடத்தை அவளுடைய புத்தக அலமாரி அடைத்துக்கொண்டு நின்றது. எல்லாம் நடைபாதைக் கடைகளில் பேரம் பேசி வாங்கியவை. பாதிக்கு அட்டை கிடையாது.

மாப்பிள்ளை மருந்துக் கம்பெனி விற்பனையாளர். தங்கமான மனுஷர். ஆனால் கடவுள் கொடுத்த ஞாபகசக்தியை வைத்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது. எந்த ஆட்டத்தில் யார் கோல் போட்டார் என்று தூக்கத்தில் உலுக்கிக் கேட்டாலும் சொல்வார். ஒரு சாயங்காலம் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினார்.

"அண்ணி, இதைப் படிச்சிருக்கீங்களா?"

"ஓ! ரொம்ப நல்லா இருக்கும்."

"கதை என்ன?"

பெரியவள் வாயைத் திறந்தாள். ஞாபகத்தில் ஒரு ஆறு வந்தது. ஒரு கல்யாணம் நின்றுபோனது. நின்றதா, நடந்ததா? "அழுதுகிட்டே படிச்சேன். அது மட்டும் தெரியும்" என்றாள்.

மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அப்ப ஒண்ணு பண்ணலாம். கதை ஞாபகம் இருக்கிறது அலமாரியில இருக்கட்டும். மறந்துபோனதையெல்லாம் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுடலாம். படிச்சும் படிக்காத மாதிரின்னா எதுக்கு அண்ணி இத்தனை சுமை?"

பெரியவள் ரோஷக்காரி. "கேளுங்க, பார்த்துடலாம்" என்று உட்கார்ந்துவிட்டாள். வசமாக மாட்டிக்கொண்டாள். ஒன்றில் கப்பல் மட்டும் ஞாபகம் இருந்தது, ஏறியவர்கள் யாரும் இல்லை. ஒன்றில் கதாநாயகன் பெயரைச் சொல்லிவிட்டாள். அது வேறு புத்தகத்துக்காரன். "போதும், விடுங்க" என்று சின்னவள் சொல்லிப் பார்த்தாள். மாப்பிள்ளைக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. கடைசியில் அலமாரியில் ஏழெட்டுதான் மிச்சம். மற்றதெல்லாம் வாசலோரம் குவிந்து கிடந்தது. பெரியவள் அடுப்படிக்குப் போய், கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவினாள்.

அவளுக்கு வேலை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். ஈரப் படுக்கை விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாக இழுத்துப் பிடித்துச் சூட்டு உருளைக்குள் விடவேண்டும். மறுபக்கம் அது மொடமொடவென்று வந்து விழும். மறுநாள் காலையில் விரிப்புகள் பழுப்பாகக் கருகி விழுந்தன. சூப்பர்வைசர் ஓடிவந்தார். உருளை தாறுமாறாகச் சூடேறுகிறது என்று போன வாரமே எல்லாரும் அவரிடம் சொல்லியாயிற்று. மேலிடத்துக்கு அதைச் சொல்ல அவருக்குப் பயம். வந்தவர் நேராகப் புதுசாகச் சேர்ந்த பெண்ணைப் பார்த்து, "கண்ணை எங்கே வச்சிருந்தே? நாளையிலிருந்து வராதே" என்றார்.

அந்தப் பெண் விரிப்பின் முனையைக் கையில் பிடித்தபடியே நின்றாள். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அவ ஏன் வரக்கூடாது?" என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்று பெரியவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "மெஷின் கெட்டுப்போச்சுன்னு உங்ககிட்டதானே சொன்னோம்? அவளை அனுப்பணும்னா என்னையும் அனுப்புங்க. ஏன் போறேன்னு மேல போய்ச் சொல்லிட்டுத்தான் போவேன்."

ஒருத்தி வாய் திறந்ததும் மற்றவர்களும் ஆரம்பித்துவிட்டார்கள். சூப்பர்வைசர் முணுமுணுத்துக்கொண்டே மெக்கானிக்கைக் கூப்பிடப் போனார். அந்தப் பெண் வேலையில் நீடித்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் பெரியவளுக்குத் தான் பேசியதே உறைத்தது. இத்தனைக்கும், பஸ் நிறுத்தம் தாண்டிப்போனாலும் குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்தவள் அவள். இந்த வாய் எங்கிருந்து வந்தது? எல்லாரும் தலை குனிந்த இடத்தில் ஒருத்தி மட்டும் எழுந்து நின்றதை அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள். நேரில் இல்லை, படித்ததுதான். எந்தப் புத்தகம்? யோசித்து யோசித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை. ஒன்றா, பத்தா, அதுவும் தெரியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் குவியலிலிருந்து ஒரு கை அள்ளி அலமாரியில் வைத்தாள்.

"அண்ணி, அதெல்லாம் மறந்துபோன புத்தகம்" என்றார் மாப்பிள்ளை.

"மறந்துதான் போச்சு. இனிமேலும் மறப்பேன். ஆனா ஒண்ணையும் கொடுக்க மாட்டேன்." காலையில் நடந்ததைச் சொன்னாள். "எந்தப் புத்தகம் என்னை நிமிர வச்சதுன்னு எனக்குத் தெரியாது மாப்பிள்ளை. உங்களுக்குத் தெரிஞ்சா அதைத் தவிர மத்ததை எடுத்துட்டுப் போங்க."

"இருந்தாலும் அண்ணி, ஞாபகமே இல்லாம..."

"சரி. உங்க அம்மா உங்களை மடியில போட்டுக்கிட்டு என்னென்ன பேசினாங்க? ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அது எப்படி அண்ணி ஞாபகம் இருக்கும்?"

"ஒண்ணும் ஞாபகமில்லை இல்லையா? அதைக் கேட்டுக் கேட்டுத்தானே பேசவே கத்துக்கிட்டீங்க? இப்ப என்கிட்ட வாயடிக்கிறீங்க!"

சின்னவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்துவிட்டாள். "இவருக்குப் பதில் சொல்ல ஆளே இல்லையேன்னு இருந்தேன்க்கா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர்க்காரர் தராசோடு வந்து நின்றார். "புத்தகம் கிடையாது. என் கட்டில் இருக்கு, எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டாள் பெரியவள். "மரமெல்லாம் நான் வாங்கறதில்லைம்மா" என்று அவர் கோபமாகப் போய்விட்டார். மாடிவீட்டுக்காரர்கள் வந்து கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த இடத்தில் தொட்டில் வந்தது. பெரியவள் தரையில் மெத்தையை விரித்துக்கொண்டாள். முதுகு வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அன்று மத்தியானம் அவள் மெத்தையில் சாய்ந்து ஒரு துப்பறியும் நாவலைப் பிரித்தாள். மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார்.

"இது நீங்க ஏற்கெனவே படிச்சதுன்னு சொன்னதாச்சே?"

"ஆமா. கொலைகாரன் யாருன்னு சுத்தமா மறந்துபோச்சு. மறந்தா என்ன நஷ்டம்? ஒரு காசு செலவில்லாம புதுப் புத்தகம்."

"கடைசிப் பக்கத்தை நான் அன்னிக்கே பார்த்துட்டேன். சொல்லட்டுமா?"

பெரியவள் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொன்னீங்கன்னா, தொட்டிலையும் தங்கச்சியையும் வச்சுக்கிட்டு உங்களை மட்டும் வெளியே அனுப்பிடுவேன்."