வழிமறித்த விருந்து

இந்த ரமலானில் சாலையை மறிக்க எங்கள் ஊரில் ஆண்கள் போதவில்லை.

வழக்கமாக அது ஆண்களின் வேலை. மதனி நகரத்துக்குப் போகும் தார்ச்சாலை ஊரை ஒட்டியே ஓடுகிறது. நோன்பு திறக்கும் நேரத்தில் தலைப்பாகைத் துணியை அவிழ்த்துச் சாலைக்குக் குறுக்கே இழுத்துப் பிடிப்பார்கள். பஸ், லாரி, கார், எது வந்தாலும் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் இறங்கி, எங்கள் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வீட்டில் காத்திருப்பார்கள் என்று கெஞ்சினாலும் விடமாட்டோம். ஒரு பஸ்ஸைத் தப்பவிட்டால் பக்கத்து ஊர்க்காரர்கள் வருடம் முழுக்கக் கேலி செய்வார்கள்.

ஆயுதக்காரர்கள் ஒரு வருடம் இங்கே குடியிருந்துவிட்டு ஜனவரியில் போனார்கள். கட்டில், ஜன்னல் கம்பி, விதைச் சோளம் எல்லாம் அவர்களோடு போயின. ஆண்களில் பாதிப் பேர் மண்ணுக்குள். மீதிப் பேர் எங்கேயோ.

"அண்ணி, ஒரு பானைக் களிதான் இருக்கு," என்றாள் என் நாத்தனார் நிமாத், முதல் நோன்பன்று. "இந்த வருஷம் ரோட்ட அதுபாட்டுக்கு விட்ருவோம்."

"வீட்டைத்தான் சுரண்டிட்டுப் போனானுங்க. ரோட்டையும் நீயே எழுதிக் குடுத்துடுவ போலிருக்கே! ஆம்பளைங்க இல்லன்னா நமக்குக் கையில்லையா? உன் பழைய தோபை எடு."

தோபு, நாங்கள் உடம்பைச் சுற்றிக் கட்டும் பத்து முழத் துணி. அன்றிலிருந்து ஒரு முனை அவள் கையில், மறுமுனை என் கையில்.

என் கோபத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் தசாபீஹ் எட்டு மாதக் கர்ப்பிணி. வடக்கே எல்லையோர ஊரான ஹல்ஃபாவில், ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருக்கிறாள். கால் இரண்டும் வீங்கிவிட்டன, ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி இருக்கிறது, அவள் புருஷனும் இருக்கிறான். நடுவில் ஒரு விசா. மூன்று மாதமாக அது வரவில்லை.

அந்த நாட்டின் பெயரைச் சொல்லி என் நோன்பைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். பெயர் எதுவானால் என்ன, சுற்றியிருக்கும் அரபுச் சகோதரர்கள் எல்லாரும் ஒரே ரகம். அவர்களுக்கு அடி விழுந்தபோதெல்லாம் எங்கள் ஊர்ப் பெண்கள் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார்கள். சிரியாக்காரர்கள் ஓடி வந்தபோது நாங்கள் விசா கேட்கவில்லை. எங்களுக்கு அடி விழுந்ததும் ஒருவர் கதவைச் சாத்தினார், ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், மற்றவர்கள் மாநாடு கூட்டிக் கவலை தெரிவித்தார்கள். கவலையை எந்தப் பானையில் போட்டு வேகவைப்பது?

ஒன்பதாம் நோன்பன்று, பாங்கு சொல்லச் சில நிமிடங்களே இருந்தபோது ஒரு வெள்ளைக் கார் வந்தது, பின்னால் ஒரு லாரி. துணியைப் பார்த்ததும் கார் கிறீச்சிட்டு நின்றது. முன்சீட்டிலிருந்த காவலாளி துப்பாக்கியை நீட்டினான். பின்சீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பர்ஸையே நீட்டினார்.

ஓட்டுநர் பக்ரி எங்கள் நாட்டுக்காரன். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தான். "சார், பர்ஸ உள்ள வையுங்க. இவங்க கொள்ளைக்காரங்க இல்ல, சாப்பிடக் கூப்பிடுறாங்க."

"யாரை?"

"நம்மளத்தான். சாப்பிடாம விடமாட்டாங்க. துப்பாக்கியெல்லாம் இந்தப் பெரியம்மாங்ககிட்ட செல்லாது."

அப்போதுதான் நிமாத் கார்க்கதவில் ஒட்டியிருந்த கொடியைப் பார்த்தாள். எல்லைக்கதவைச் சாத்தியவர்களின் கொடி. துணியை நழுவவிட்டாள்.

"அண்ணி, உங்க மகள அங்க பெஞ்சுல போட்டு வெச்சிருக்கான். இங்க அவனுக்கு நம்ம களியா?"

 எனக்கும் அந்தக் களியை மண்ணில் கொட்டினாலும் கொட்டலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் கொடியைப் பார்த்துத்தான் சோறு போடுவது என்று ஆரம்பித்தால் அவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

"ஆளப் பாத்துத் துணி பிடிக்கிற வழக்கம் எப்போ வந்துச்சு? பிடிடி," என்றேன்.

இறங்கினார்கள். பேரீச்சம்பழம் கொடுத்தோம், தண்ணீர் கொடுத்தோம். காய்ந்த வெண்டைக்காய்ப் பொடி போட்ட குழம்பை நடுவில் ஊற்றி, ஒரே தட்டில் களியை வைத்தோம். பர்ஸ் நீட்டிய அதிகாரியின் பெயர் ஷிஹாப். என் மகன் வயதுதான் இருக்கும். நல்ல பசி அவனுக்கு, விரலை நக்கிச் சாப்பிட்டான். நாங்கள் ஆளுக்கு இரண்டு வாய் குறைத்துக்கொண்டோம். அதை அவன் கவனிக்கவில்லை.

கை கழுவியதும் சொன்னான். "அம்மா, லாரியில நிவாரண மாவு இருக்கு. இருபது மூட்டை இறக்கித் தர்றோம். ஒரு சின்ன விஷயம்தான். கொடி தெரியற மாதிரி மூட்டைய அணைச்சுப் பிடிச்சு, எங்க நாட்டுக்கு நன்றி சொல்லணும். படம் இல்லாம இறக்கக் கூடாதுன்னு உத்தரவு."

நிமாத்தால் வாயை அடக்க முடியவில்லை. மகள் விஷயத்தை ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டாள். ஷிஹாப் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"தூதரகத்துல எனக்கு ஆள் இருக்காங்க. நீங்க நல்லபடியா நாலு வார்த்தை பேசுங்க. நான் விசாவுக்குச் சொல்றேன்."

"சொல்லுங்க அண்ணி," என்று நிமாத் என் விலாவைக் கிள்ளினாள். "வெறும் வார்த்ததானே?"

லாரியிலிருந்து படம் எடுப்பவன் ஒருவன் இறங்கி வந்தான், அவன் கேமராவுக்கு முன்னால் மூட்டையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தசாபீஹின் வீங்கிய கால்கள் கண்ணுக்குள் நின்றன. பொய் சொல்ல மாட்டேன், 'நன்றி' தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் அவளைத் தடுத்து வைத்த கைக்கே முத்தம் கொடுப்பதா? நான் முத்தம் கொடுத்தால், அந்தப் படத்தைக் காட்டி இன்னும் எத்தனை பேரின் மகள்களைப் பெஞ்சில் படுக்க வைப்பார்கள்?

"நன்றி கிடையாது," என்றேன். "படம் வேணும்னா இந்தத் தட்ட எடு. நீ வழிச்சு நக்கின தட்டு. பட்டினி கிடக்கிற ஊர்ல சோறு வாங்கித் தின்னோம்னு உங்க ஊர் டிவியில காட்டு."

படம் எடுப்பவன் கேமராவைத் தாழ்த்தினான். ஷிஹாபின் முகம் கறுத்துவிட்டது.

"உங்க மகள நெனச்சுப் பாத்தீங்களா அம்மா?"

"அவள மட்டுந்தான் நெனச்சேன்." அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். காவலாளி எழுந்தான், பக்ரி அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தான். "ஒரே தட்டுல கை போட்டவன் அந்த வீட்டு ஆளு. உங்க ஊர்லயும் அதுதானே முறை? இப்ப அவ உனக்கு அக்கா. பேரு தசாபீஹ் அல்தய்யிப். சொல்லு."

அவன் இழுத்துப் பார்த்தான். நான் கையை விடவில்லை.

"தசாபீஹ் அல்தய்யிப்," என்றான் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு.

"இன்னொரு தரம், சத்தமா."

சொன்னான். பிறகு கையை உருவிக்கொண்டு, மூட்டையைத் திரும்ப ஏற்றச் சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தான். கதவருகே நின்று முணுமுணுத்தான், "அரை மணி நேரம் வீணாப் போச்சு. இப்படியா வழிமறிப்பாங்க?"

"அரை மணி நேரம் நிறுத்தினோம் தம்பி, வயிறு நெறைய சோறு போட்டு," என்றேன். "என் மகள நீங்க நிறுத்தித் தொண்ணூத்தி மூணு நாளாச்சு. ஒரு வாய் தண்ணி குடுத்தீங்களாடா?"