பூந்தமல்லி மாஸ்டர்

"பெல்ட் எங்கடி?" என்று கேட்டார் கிறிஸ்துதாஸ்.

ஞானகுமாரி தம்பியின் வலது கையை வெள்ளைச் சட்டைக்குள் நுழைக்கப் போராடிக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் போன உயிர். மண்ணூர்பேட்டை வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் கை விறைத்துவிட்டது. மஞ்சள் காமாலை. வெள்ளை உடுப்பில் அந்த மஞ்சள் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. கல்யாணம் ஆகாத பிள்ளை, கோட்டு சூட்டு போட்டு அனுப்பலாம் என்று அம்மா ஆரோக்கியம்மாள் அழுதுகொண்டே சொல்லிப் பார்த்தாள். செலஸ்டின் கராத்தேக்காரன், கராத்தே உடுப்பில்தான் போவான் என்றுவிட்டார் அப்பா. அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

"உன்னத்தான் கேக்குறேன். பிரௌன் பெல்ட் வாங்கிட்டான்ல? எங்க வெச்சிக்கிறான்?"

"மாஸ்டர்கிட்ட கீதுப்பா."

வாய் முந்திக்கொண்டது. காணோம் என்று சொல்லியிருக்கலாம், துவைக்கப் போட்டிருக்கிறது என்றுகூடச் சொல்லியிருக்கலாம். மூன்று வருஷமாகப் பழகிய பொய், கேட்டதும் தானாக வந்து நின்றது.

கிறிஸ்துதாஸ் நிமிர்ந்தார். அழுது அழுது சுருங்கியிருந்த முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு தெம்பு வந்தது.

"அப்ப அவரே வந்து கட்டட்டும். அதான் மொறை. அவரு வர்ற வரிக்கும் பெட்டியை மூடக் கூடாது. பூந்தமல்லிக்கு யாரனா போய் இட்டாங்க."

பூந்தமல்லியில் அப்படி ஒரு மாஸ்டர் இல்லை. பூந்தமல்லியில் மட்டுமல்ல, எங்கேயும் இல்லை. அது செலஸ்டினுக்கும் ஞானகுமாரிக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. இப்போது அவளுக்கு மட்டும்.

எல்லாம் தசரதனிடமிருந்து ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் அம்பத்தூரில் வெறும் சுவர் ஒன்று கிடைத்தால் போதும், காலைத் தலைக்கு மேல் தூக்கி உதைக்கிற ஒருவனை வரைந்து கீழே கராத்தே என்று எழுதிவிடுவார்கள். மண்ணூர்பேட்டை மைதானத்தில் சொல்லிக்கொடுத்தவன் தசரதன். ஊரின் பழைய விவசாயக் குடும்பம். நிலத்தை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குக் கொடுத்துவிட்டு, அதே எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் ஹெல்பராகச் சேர்ந்தவன். கிறிஸ்துதாஸ் அங்கே ஃபோர்மன். ஒரு சாயங்காலம் மைதானத்துப் பக்கம் போனவர், தம் பிள்ளை தம் ஹெல்பர் முன்னால் இடுப்பை வளைத்துக் குனிவதைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். வரிசையிலிருந்து அவனைக் கையைப் பிடித்து இழுத்து, "எங்கிட்ட நட்டு பொறுக்கிப் போடுறவன் உனக்கு வாத்தியாரா?" என்று நாலு பேர் கேட்கக் கத்தினார். பையனிடம் அப்புறம் வீட்டில் சமாதானமாகத்தான் சொன்னார்: "கத்துக்க, வேணான்னு சொல்லல. பேரச் சொன்னா நாலு பேரு எய்ந்து நிக்கிற ஆளாப் பாத்து சேரு."

செலஸ்டின் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். பெரியமேட்டில் நடந்த ஒரு போட்டியில் மலேசியாவிலிருந்து வந்த ஒருவர் செய்துகாட்டியதைப் பார்த்துவிட்டு வந்தான்; அன்றைக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. மற்றவர்கள் எல்லாம் முஷ்டியை மடக்கிக் குத்த, அவர் மட்டும் கையை விரித்தே வைத்திருந்தாராம். உயெச்சி ரியு என்று அதற்குப் பெயர். அதைச் சொல்லித்தருகிறவரைத் தேடிப் பெரம்பூர், கீழ்ப்பாக்கம், பாரிமுனை என்று சைக்கிளில் அலைந்தான். சிலர் அப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்படவில்லை. சிலர் கேள்விப்பட்டதோடு சரி. எல்லாரும் தங்களிடம் சேரச் சொன்னார்கள். தேடித் தேடி ஓய்ந்த ஒரு நாள், அப்பா சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "இன்னாடா, கெடச்சாரா இல்லியா? சும்மா ஊர் சுத்துறியா?" என்று கேட்டபோது, "கெடச்சிட்டாருப்பா, பூந்தமல்லில" என்று சொல்லிவிட்டான்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தொழிற்சாலையில், கோயிலில், பஸ் நிறுத்தத்தில், எம்புள்ளையோட மாஸ்டர் மலேசியாவில் கற்றவர் என்று சொல்லாத ஆள் பாக்கியில்லை. மாஸ்டர் பெற்றோரைப் பார்க்க மாட்டார், அத்தனை கண்டிப்பு என்று பையன் சொன்னதில் மரியாதை இன்னும் ஏறியது. கிறிஸ்மஸ் தவறாமல் மாஸ்டருக்கென்று தனியாகக் கேக் கட்டிக் கொடுத்தனுப்பினார். அக்காவும் தம்பியும் அதை அயனம்பாக்கம் ஏரிக்கரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே தின்றார்கள். பாவம் என்று அப்போது தோன்றவே இல்லை.

இப்போது அதே மாஸ்டருக்காகப் பெட்டி திறந்து கிடந்தது. மே மாத வெயிலில் ஐஸ் பாளம் கரைந்து தண்ணீர் வாசல்வரை ஓடியது.

மாமா கிறிஸ்துராஜ் மெதுவாக வந்து நின்றார். "மச்சான், ஃபாதர் கோயில்ல காத்துகினு கீறாரு. ஒடம்பு தாங்காது மச்சான். காமாலை ஒடம்பு."

"அவரு வந்துருவாரு."

"யாரு, அட்ரஸ் தெரியுமா? யார அனுப்புறது?"

அப்போதுதான் கூட்டத்தின் பின்னாலிருந்து தசரதன் முன்னே வந்தான். மைதானத்துப் பையன்களோடு மாலை வாங்கிக்கொண்டு வந்திருந்தான். அவமானப்பட்ட மனுஷன் வந்ததே பெரிசு.

"நா போய்ப் பாத்துட்டு வரேன் சார். வண்டி கீது."

கிறிஸ்துதாஸ் அவனைப் பார்த்தார். அவன் தோளில் கையை வைத்தார். தொழிற்சாலையில் ஒரு நாளும் வைக்காத கை. "சீக்கிரம் இட்டாந்துரு தசரதா. ஞானம், அட்ரஸ் சொல்லு அவனுக்கு."

அட்ரஸ் சொல்ல ஞானகுமாரி தெருமுனைவரை கூடவே போனாள். வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு தசரதன் கேட்டான். "எங்கம்மா போணும்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்குத் தெரியும்மா. பூந்தமல்லி, ஆவடி, திருவள்ளூர் வரிக்கும் யார் யார் சொல்லித்தராங்கன்னு எனக்கு அத்துப்படி. அப்டி ஒர்த்தர் இல்ல." குரலில் குற்றம் சாட்டல் எதுவும் இல்லை. "உந்தம்பி என்னாண்ட ரெண்டு மூணு வாட்டி வந்துச்சி. இந்த ஸ்டைல் தெரிஞ்சவங்க யார்னா கீறாங்களா மாஸ்டர்னு கேட்டுச்சி. என்னியப் போய் மாஸ்டர்னுச்சி. சரி, தெரிஞ்சத நா சொல்லித்தரேன், வான்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். சொல்லல. உங்கப்பா பேசுனது மன்சுல நின்னுகினு இர்ந்துச்சி."

"அண்ணே," என்றாள் ஞானகுமாரி. "உங்க பெல்ட் ஒண்ணு குடுங்கண்ணே. கறுப்போ பிரௌனோ, எதுனாலும். மாஸ்டர் குடுத்தனுப்புனாருன்னு சொல்லிடலாம். இடுப்புல கட்டி அனுப்பிருவோம். மண்ணுக்குள்ள போறதுதான, யாருக்குத் தெரியப் போவுது?"

தசரதனுக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் முடியாது என்று தலையை ஆட்டினான்.

"அது மட்டும் கேக்காதம்மா. பரிச்ச வெக்காம கட்டக் கூடாது. உசுரோட கீறவனுக்கும் கட்டக் கூடாது, போனவனுக்கும் கட்டக் கூடாது. எங்கிட்ட கீறதே அது ஒண்ணுதான்."

அவளுக்கு அவன்மேல் ஆத்திரமாக வந்தது. அந்தத் தெருவிலேயே அவன் ஒருவன்தான் தம்பியின் ஆசையைச் சரியாகப் புரிந்தவன் என்பதும் அப்போதே தெரிந்தது. அதனால் ஆத்திரம் இன்னும் கூடியது. பெல்ட்டை வாங்கிக் கட்டியிருந்தால் தம்பியே எழுந்து அவிழ்த்துப் போட்டிருப்பான்.

"பொய் வேணா சொல்றேன்," என்றான் தசரதன். "அந்தப் பாவம் என்னோட போவும்."

வண்டியை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டு, நம்பும்படியான நேரம் கழித்துத் திரும்பிவந்தான். வியர்த்து வழிய நேரே கிறிஸ்துதாஸிடம் போனான். "ஊட்டுல போய்ப் பாத்தேன் சார். மாஸ்டர் மலேசியா போய்க்கீறாராம். வர நாளாவுமாம். சேதி சொல்லிட்டு வந்தேன்."

"பெல்ட்டு?"

"அவரு பெட்டில வெச்சிப் பூட்டிக்கினு போய்க்கீறாராம் சார்."

கிறிஸ்துதாஸ் நாற்காலியில் அப்படியே சரிந்தார். அவருடைய உடம்பிலிருந்து யாரோ எலும்பை உருவிக்கொண்டு போனாற்போல இருந்தது. மாமா இதுதான் சமயம் என்று கண்ணைக் காட்டினார். பெல்ட் இல்லாமல் சட்டையின் முன்பக்கம் விலகி, மஞ்சள் மார்பு தெரிந்துகொண்டே இருந்தது. ஆரோக்கியம்மாள் தன் ஜாக்கெட்டிலிருந்த ஊக்கைக் கழற்றிப் பிள்ளையின் சட்டையில் குத்தினாள். நெற்றியில் முத்தம் கொடுத்தாள். பெட்டியை மூடினார்கள்.

கோயில் பூசை, கல்லறை, மண் எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. பந்தல்காரன் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அம்மா உள்ளே சுருண்டு கிடந்தாள். பக்கத்து வீட்டு ராஜம்மா கொண்டுவந்து வைத்த காப்பி ஆடை கட்டிப்போயிருந்தது. வீட்டில் ஒரு ஆள் குறைந்தால் வீடு பெரிதாகும் என்று ஞானகுமாரி நினைத்ததில்லை. அன்றைக்குக் கூடம் பெரிதாகத்தான் இருந்தது.

கிறிஸ்துதாஸ் மெதுவாகக் கேட்டார். "மலேசியாலேர்ந்து எப்ப வருவாரு? வந்தா நா போய்ப் பாக்கணும். எம்புள்ளையப் பத்தி ரெண்டு வார்த்த அவரு வாயால கேக்கணும்."

இன்னும் எத்தனை வருஷம் இந்த மனுஷன் அந்த இரண்டு வார்த்தைக்குக் காத்திருப்பார் என்று நினைத்தபோது அவளுக்குத் தாங்கவில்லை.

"அப்பா, மாஸ்டர்னு யாரும் இல்லப்பா."

"ஊர்ல இல்ல. அதான் தசரதன் சொன்னானே."

"ஊர்ல இல்லன்னு இல்ல. ஆளே இல்லப்பா. இந்தக் கராத்தேயச் சொல்லித்தர ஆளு மெட்ராஸ் பூரா தேடிப் பாத்தான். யாரும் கெடைக்கல. உன்கிட்ட சொல்லப் பயந்துகினு அப்டிச் சொன்னான். எனக்குத் தெரியும். பெல்ட்டும் இல்ல. ஒண்ணும் இல்லப்பா."

அடிப்பார் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றிருந்தது. அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கேக்கு?" என்றார்.

"நாங்கதாம்பா தின்னோம்."

தலையை ஆட்டிக்கொண்டார். கணக்கு சரியாக இருக்கிறது என்பதைப் போல ஓர் ஆட்டல்.

"அப்ப ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி எங்க போனான்?"

"அயனம்பாக்கம் ஏரிக்கர. அந்த மலேசியாக்காரரு செஞ்சத ஒரே ஒரு வாட்டி பாத்தான்ல, அத நெனப்புல வெச்சிக்கினு தனியா செய்வான். திருப்பித் திருப்பி அதேதான். சில நாள் நானும் போய் உக்காந்துப்பேன்."

"தனியாவா?"

"தனியாதாம்பா."

"நல்லா செய்வானா?"

அவளுக்கு எப்படித் தெரியும்? அவன் மூச்சை இழுத்து இழுத்து விட்டு அந்தக் கரையில் அடி வைத்ததை அவள் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். சரியாக வைத்தானா, தப்பாக வைத்தானா, மூன்று வருஷமும் வீணா, இல்லையா? சொல்லத் தெரிந்த ஒருவர்கூட இந்த ஊரில் இல்லை என்பதுதானே அவனுடைய சங்கடமே. நன்றாகச் செய்வான் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆனால் காலையிலிருந்து பொய் சொன்ன நாக்கு இதற்கு மட்டும் எழவில்லை.

"தெரியலப்பா."

"கைய எப்டி வெப்பான்? செஞ்சி காட்டு."

"எனக்குத் தெரியாதுப்பா. நா சும்மா பாத்ததுதான்."

"பாத்தத காட்டு."

அவள் எழுந்தாள். கல்லறை மண் படிந்த புடவையை இடுப்பில் செருகிக்கொண்டாள். கால் விரல்களை உள்பக்கம் திருப்பி வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கினாள். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து முன்னால் நீட்டினாள். ஓர் அடி முன்னே வைத்தாள். வலது கையைப் பின்னுக்கு இழுத்து மறுபடி நீட்டினாள்.

கிறிஸ்துதாஸ் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"அப்புறம்?"

அப்புறம் அவன் திரும்புவான். எந்தப் பக்கம் என்று அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. விரித்த கைகளை நீட்டியபடியே கூடத்தின் நடுவில் நின்றாள். பந்தல்காரன் காசு வாங்க வாசலில் வந்து நின்று, உள்ளே பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒதுங்கிக்கொண்டான்.