ப்தாஹ் மன்னித்த திருட்டு

எனக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. தண்ணீர் சுமந்து வருகிறவன் வழியில் பாதியை விற்றுவிடுகிறான் என்று ஊரில் முதலில் சொன்னவள் நான்தான். அரசாங்க உளி ஒன்று காணாமல் போய்விட்டது என்று கேட்டதும் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். என் கணவர் காஹாவின் முகத்தையும் விடவில்லை.

மன்னரின் கல்லறையைக் குடைகிறவர்கள் எங்கள் ஆண்கள். செம்பு உளிகள் மன்னருடையவை. காலையில் எடை போட்டுக் கொடுத்து, மாலையில் எடை போட்டு வாங்குவார்கள். அன்று காஹாவின் உளி திரும்பவில்லை. சாப்பிடும்போது கல் மேல் வைத்ததாகவும், எழுந்து பார்த்தால் காணோம் என்றும் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நெப்மோசே, எங்கள் அடுத்த வீட்டுக்காரன்.

“ஏம்ப்பா காஹா, உளிக்குக் கால் முளைச்சிருச்சா?” என்று எல்லோர் முன்னாலும் முதலில் கேட்டவனும் அவன்தான்.

தலைமேஸ்திரி காஹாவை மலைப்பாதையில் இருக்கும் ப்தாஹ் கோயிலுக்குக் கூட்டிப்போனார். மனத்தில் நினைத்து வாயால் சொல்லியே உலகத்தைப் படைத்தவர் ப்தாஹ். உளி பிடிக்கிற கைகளுக்கெல்லாம் அவர்தான் சாமி. அவர் முன்னால் நின்று, “நான் எடுக்கலை. எடுத்திருந்தா என் கண்ணு போகட்டும்” என்று காஹா சத்தியம் செய்தார். ஊர் வாயை மூடிக்கொண்டது.

அந்த வருஷத்து ஆற்று வெள்ளம் வடிவதற்குள் அவருக்குக் கண் மங்கிவிட்டது. ரொட்டியைத் தடவித்தான் எடுத்தார். நாளெல்லாம் கல் தூசியில் நிற்கிறவர்களுக்குக் கண் நோவு புதிதா? ஆனால் ஊர் அப்படி நினைக்கவில்லை. பொய்ச் சத்தியம் செய்தவனைப் ப்தாஹ் பகலிலேயே இருட்டைப் பார்க்க வைப்பார் என்று எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வேலை போனால் வீடும் போகும், வீடும் மன்னருடையதுதானே.

நானும் சும்மா இருக்கவில்லை. தானியக் குழியைக் கிளறினேன், படுக்கையைப் புரட்டினேன்.

“என்ன வாபெத், உளியைத் தேடுறியா?” என்றார் காஹா.

“பூனையைத் தேடுறேன்.”

“பூனை என் மடியில இருக்கு.”



தினமும் காலையில் தேனும் பச்சைக்கல் பொடியும் குழைத்து அவர் கண்ணில் தடவினேன். வைத்தியன் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். “மருந்தெல்லாம் மேலுக்குத்தாம்மா. ஒத்துக்கிட்டாத்தான் சாமி கண்ணைத் திறப்பார்.”

“செய்யாததை எப்படி ஒத்துக்கிறது?”

“செய்யாதவனுக்கு எதுக்குக் கண்ணு போகுது?”

வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தபோது காஹா ஒரு கல்லை மடியில் வைத்துக்கொண்டு, கையால் தடவித் தடவிச் செதுக்க ஆரம்பித்தார். சாமி கேட்கட்டும் என்று மேலே வரிசையாகக் காதுகள். கீழே, ‘ப்தாஹ் பேரில் பொய்ச் சத்தியம் செய்தவன் நான்’.

“உண்மையைச் சொல்லுங்க. எடுத்தீங்களா?”

“வீடு வேணுமா வேண்டாமா உனக்கு?” என்றார். இது ஒரு பதிலா? என் சந்தேகம் இரண்டு மடங்காயிற்று.

கல்லைக் கோயிலில் நட்ட பிறகு கண் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. என் தேனா, அவர் கல்லா? கல்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. சாமியே மன்னித்துவிட்டார், நாம் யார் என்று வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். வீடும் தப்பியது.

ஓர் ஓய்வு நாளில் நெப்மோசேயின் மனைவி ஹெனுத் பின்பக்கமாக வந்து ஒரு துணிமூட்டையை என் கையில் திணித்தாள். உள்ளே உளி. மன்னரின் முத்திரையும் காஹாவின் குறியும் அப்படியே இருந்தன.

“எங்க வீட்டு எண்ணெய்ச் சாடிக்குள்ள இருந்துச்சுக்கா. அந்த மனுஷனுக்கும் கண்ணு போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?” என்று அழுதுகொண்டே ஓடிவிட்டாள்.

நானும் அழுதேன். சந்தோஷத்தில்தான். உள்ளே ஓடி, “இதோ பாருங்க, நெப்மோசே வீட்டுல இருந்திருக்கு. நீங்க எடுக்கலை! வாங்க, மேஸ்திரிகிட்ட போவோம்” என்றேன்.

காஹா உளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அங்கயா ஒளிச்சு வச்சேன்?”

“பைத்தியமா உங்களுக்கு? நீங்க எடுக்கவே இல்லைங்க!”

“எடுக்காமலா ப்தாஹ் மன்னிச்சார்? செய்யாத தப்பை மன்னிக்க அவருக்கென்ன கிறுக்கா? உன் மூக்கு மேல இருக்கிற மருகூட எனக்குத் தெரியுதுடி.”

அவர் முகத்தில் பொய்யைத் தேடினேன். ஒரு பொய்யாவது கிடைக்காதா என்று வாழ்நாளில் முதல் தடவையாக ஏங்கினேன். கிடைக்கவில்லை.

அவர் உளியோடு தெருவில் இறங்கினார். வாசலில் நின்ற நெப்மோசே உளியைப் பார்த்ததும் வெளிறிப்போனான். காஹா நேராக அவனிடம் போய்க் குனிந்தார்.

“மன்னிச்சிருங்கண்ணே. திருடினதை உங்க வீட்டுல வச்சு உங்க பேரையும் கெடுக்கப் பாத்திருக்கேன்.”

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். உண்மை வெளியே வந்தால் கோயிலில் நிற்கிற கல் பொய்யாகிவிடும். அவர் கண் மறுபடியும் போய்விட்டால்? வாயை மூடிக்கொண்டேன்.

நெப்மோசே என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு காஹாவின் தோளில் கையைப் போட்டான்.

“விடுப்பா. நான் எதையும் மனசுல வச்சுக்கல” என்றான்.