கிளியருக்குக் கீழே

பக்கங்களை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு அக்கா வீட்டுக்குக் கிளம்புவதாக இருந்தேன். பையும் தயார். என் கணவர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தன் தம்பி குடும்பத்தை ஒரு மாதம் தங்க வரச் சொல்லிவிட்டார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். தப்புதான் என்று வாயைத் திறந்து சொல்லாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு திரிந்தாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எங்கள் பத்திரிகையில் அவர் பிழை திருத்துபவர், நான் சர்வரைப் பார்த்துக்கொள்பவள். அச்சகத்துக் கம்ப்யூட்டர் மாதம் ஒருமுறை சர்வரில் என் கணக்குக்குள் தானாக நுழைந்து பக்கங்களை எடுத்துக்கொள்ளும். இந்த முறை எடுக்கவில்லை. பக்கத்துக்கு முன்னால் ஏதோ எழுத்து வந்து மறிக்கிறது என்று அச்சகக்காரர் போனில் அலுத்துக்கொண்டார்.

என் கணக்குக்குள் யாராவது நுழைந்ததும் தானாக ஓடும் தொடக்க ஃபைல்கள் இரண்டையும் திறந்தேன். லாகின் ஃபைல், ஆள் உள்ளே வரும்போது மட்டும் ஓடும். பாஷ்ஆர்சி என்ற மற்றது, ஆளோ மெஷினோ யார் வந்தாலும் ஓடும். வருஷக்கணக்கில் கண்டதையும் அள்ளிப் போட்டு இரண்டையும் பரண் மாதிரி வைத்திருந்தேன். இருந்த எரிச்சலில் ஒவ்வொரு வரியாக ஒழுங்குபடுத்திக்கொண்டே வந்தால், பாஷ்ஆர்சியின் அடியில் நான் எழுதாத ஒரு வரி. திரையில் இதைக் காட்டச் சொன்னது:

"தப்பு என்மேலதான். பேச மாட்டியா?"

கேள்விக்குறி முதற்கொண்டு சுத்தமாக இருந்தது. என் பாஸ்வேர்ட் தெரிந்தவரும் அவர் ஒருவர்தான். ஃபைலின் தேதியைப் பார்த்தால், சண்டை போட்ட அன்றைக்கே எழுதியிருக்கிறார்.

நான் லாகின் செய்தபோதெல்லாம் அது வந்துதான் இருக்கிறது. ஆனால் என் லாகின் ஃபைல் முதலில் பாஷ்ஆர்சியை ஓட்டிவிட்டு, கடைசி வரியில் கிளியர் போட்டுத் திரையைத் துடைத்துவிடும். நான் பார்க்கவே இல்லை. என்னிடம் கேட்ட மன்னிப்பை அச்சகத்து மெஷின் வாங்கிக்கொண்டு முழித்திருக்கிறது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அழிக்க மனம் வரவில்லை. வரியை வெட்டி, லாகின் ஃபைலில் கிளியருக்குக் கீழே ஒட்டினேன். பக்கங்கள் போய்ச் சேர்ந்தன.

அடுத்த அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீ படிச்சுட்டுதான் பேசாம இருக்கேன்னு நெனச்சேன்."

"கேக்காம வரச் சொன்னது ஒரு தப்பு. பாஷ்ஆர்சியில எழுதினது இன்னொரு தப்பு."

"அதுக்கும் ஒரு வரி எழுதிடவா?"

"வேணாம். வாயால சொல்லுங்க."

சொன்னார். தட்டுத் தடுமாறி, ஏகப்பட்ட பிழைகளோடு சொன்னார். நான் போய்ப் பையைப் பிரித்தேன்.