தோணி கரைக்கு வந்த டிசம்பர்

“டாக்டரம்மா சொன்னதைக் கேட்டேல்லா? விட்டுத் தள்ளு ஜெபா. உனக்கு நான், எனக்கு நீ. பொறவு என்ன?”

“சரி அத்தான்.”

“மூஞ்சிய ஏன் தூக்கி வச்சிருக்கே? சர்பத் குடிக்கியா?”

“குடிக்கேன்.”

பதினோரு வருஷத்துக்கு முன்னால், இனிப் பிள்ளை பிறக்காது என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வாசலில் நடந்த பேச்சு இவ்வளவுதான். ஒரு பிள்ளையைத் தத்து எடுத்து வளர்த்தால் என்ன என்று கேட்கத்தான் ஜெபசுதா வாயைத் திறந்தாள். அதற்குள் புருஷன் நேசக்குமார் வண்டியைச் சர்பத் கடைப் பக்கம் திருப்பிவிட்டான். அன்றைக்கு நன்னாரி சர்பத்தோடு சேர்த்து விழுங்கியது இன்னும் தொண்டையைவிட்டு இறங்கவில்லை.

பிறகு கேட்டிருக்கலாமே என்றால், எப்போது கேட்க? அவன் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் தண்டல். கப்பலுக்குக் கேப்டன் எப்படியோ அப்படி. செப்டம்பரில் கிளம்பினால் மே பாதிவரை போக்கும் வரவும்தான். நடுவில் சரக்கு ஏற்றும் நாட்களில் வீட்டுக்கு வந்தாலும், சாப்பிட்ட கையோடு கட்டையைப் போட்டதுபோலத் தூங்குவான். காற்றுக் காலத்தில் தோணிகள் கரையில் கிடக்கும்போது டீச்சரான அவளுக்குப் பள்ளிக்கூடம். அவளுக்கு விடுமுறை விடும்போது அவன் கடலில். மே மாதக் கடைசியில் இரண்டு வாரம் கிடைக்கும். அதையும் சொந்தக்காரர்களின் கல்யாண வீடுகள் தின்றுவிடும்.

தத்து எடுக்க இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். விசாரிக்க வருகிறவர்கள் வரும்போது இருவரும் வீட்டில் இருக்க வேண்டும். வயது ஏற ஏறக் கைக்குழந்தை கிடைப்பது கஷ்டம். இதையெல்லாம் அவள் தனியாகவே போய் விசாரித்து வைத்திருந்தாள். இப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு.

இந்த டிசம்பரில் தோணியின் அடிப்பலகை விட்டுப்போய்த் தண்ணீர் ஏறியது. பழுது பார்க்கக் கரைக்கு இழுத்துவிட்டார்கள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் முதல்முறையாக நேசக்குமார் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருக்கப்போகிறான். புது வருஷம் பிறந்ததும் போய்விடுவான். இந்தத் தடவை கேட்காவிட்டால் இனி எந்தத் தடவையும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே ஒன்பது நாளைக் கடத்திவிட்டாள்.

அரையாண்டு விடுமுறைக்கு முந்தின நாள், ஐந்தாம் வகுப்புக் கரும்பலகையில் கேன், மே, மஸ்ட், ஷுட் என்று நான்கு ஆங்கிலச் சொற்களை எழுதிப்போட்டாள்.

“கிறிஸ்துமஸ் லீவுல என்ன செய்விய, யார்ட்ட என்ன கேப்பிய? ஆறு வாக்கியம் எழுதணும். இந்த நாலும் அதுல வரணும்.”

தங்கதுரை எழுந்தான். “மிஸ், எங்க வீட்ல ஷுட்டே கெடையாது. எல்லாம் மஸ்ட்தான்.”

“அப்ப உங்கம்மாவ வந்து எழுதச் சொல்லுதேன். உக்காருல.”

வகுப்பே சிரித்தது. ரம்யா மட்டும் பென்சிலைக் கடித்துக்கொண்டு இருந்தாள். “மிஸ், மே போட்டு மரியாதையாக் கேட்டாலும் இல்லன்னு சொல்லிருவாங்களா?”

“சொன்னாலும் சொல்லுவாங்க.”

“எங்கப்பா இல்லன்னுதான் சொல்லுவாரு. நான் தெனமும் கேப்பேன்.”

ஜெபசுதா மறுபக்கம் திரும்பி, அழிக்க வேண்டாத கரும்பலகையை அழித்தாள்.

சாயங்காலம் நாற்பது நோட்டுகளோடு வீட்டுக்கு வந்தபோது சின்ன அறை திறந்து கிடந்தது. உள்ளே ஆள் உயரத்துக்குச் சுருட்டிய வடக்கயிறுகள், தார்ப்பாய், திசைகாட்டிப் பெட்டி. பலகைக்குப் பூசும் மீன் எண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. பதினோரு வருஷமாக அந்த அறையில் அவள் ஒரு மூட்டையைக்கூட வைத்ததில்லை. சனிக்கிழமைதோறும் கூட்டித் துடைப்பாள். சுவருக்கு அவள் அடிக்கச் சொன்ன இளமஞ்சளில் இப்போது கயிறு உரசிய கறுப்புக் கோடுகள்.

“என்ன அத்தான் இது?”

“தோணி கெடக்க யார்டுல போட்டா களவாணிப் பயலுவ தூக்கிட்டுப் போயிருவானுவ. சும்மா கெடக்க ரூம்தானே? நாளைக்குத் தச்சன் வாரான், அலமாரி அடிக்க. இனிமே தோணிச் சாமான் பூரா இங்கனதான்.”

அவன் ஒரு நோட்டை உருவி, ‘மே’ போட்டுக் கேட்ட வாக்கியத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தான்.

“ஏளா, பிள்ளைகளுக்கு நீயா கேக்கச் சொல்லிக் குடுக்கே? பதினாறு வருஷத்துல நீ எங்கிட்ட ஒண்ணு கேட்டிருப்பியா? மாலத்தீவுலருந்து என்ன வாங்கிட்டு வரணும்னா, ஒண்ணும் வேண்டாம்ப. எம் பொண்டாட்டி எதுவுமே கேக்க மாட்டான்னு தோணியில அத்தனை பேருக்கும் தெரியும். எங்கூட தோணியில வார ஜெயசிங் என்ன சொல்லுதான் தெரியுமா? ‘தண்டலே, நீரு குடுத்துவச்ச ஆளு’ங்கான்.”

அவன் முகத்தில் நிஜமான பெருமை இருந்தது. அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை. வசவாக இருந்தால் பொறுத்திருப்பாள். அவளுடைய பதினோரு வருஷ ஊமைத்தனத்தை அவன் நடுக்கடலில் நாலு பேரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறான்.

நோட்டுகளை இறக்கி வைத்தாள். அறைக்குள் போய், மேலே கிடந்த கயிற்றுச் சுருளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். சேலையெல்லாம் எண்ணெய்.

“ஏளா, கனமா இருக்கும். விடு! என்ன ஆச்சு உனக்கு?”

அவள் விடவில்லை. சுருளை வாசற்படிவரை இழுத்துப் போட்டுவிட்டு, மூச்சு வாங்க நிமிர்ந்து, அவன் கண்ணைப் பார்த்தாள்.

“இது பிள்ளைக்குன்னு வச்ச அறை அத்தான். எனக்கு ஒரு பிள்ளையத் தத்து எடுத்து வளக்கணும். கடலுக்குப் போறதுக்கு முன்னால எங்கூட வந்து கையெழுத்துப் போடுங்க.”